தீப்பெட்டி ஆபீஸ் வண்டியும் ஸ்கூல் வேனும்

அரசுப் பள்ளிகளில் காலை உணவு வந்த புதிதில் எங்கள் பக்கத்தில் அடிக்கடி காதில் விழுந்த பேச்சு இது: "பெத்தவளுக்குப் பிள்ளைக்கு ரெண்டு தோசை சுட்டுக் கொடுக்கக்கூட முடியாதா? அதையுமா கவர்மென்ட் செய்யணும்?" கேட்டவர்களில் பாதிப் பேர் தோசைக்கல் பக்கமே போகாத ஆம்பிளைகள். அது கிடக்கட்டும். கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பெற்றவர்தானே வளர்க்க வேண்டும், படிக்க வைக்க வேண்டும்? அரசாங்கம் எதுவரை வரலாம்? வாசல் வரையா, அடுப்படி வரையா?

நான் இருப்பது சாத்தூர் பக்கம். காலை ஏழு மணி வாக்கில் எங்கள் தெருமுனைக்கு இரண்டு விதமான வண்டிகள் வரும். ஒன்று தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ் வண்டி. (வெளியூர்க்காரர்களுக்கு: ஆலையை இங்கே ஆபீஸ் என்றுதான் சொல்வோம். யாரும் நாற்காலியில் உட்கார்ந்து ஃபைல் பார்ப்பதில்லை.) அதில் அம்மாக்கள் ஏறுவார்கள். இன்னொன்று மஞ்சள் நிற ஸ்கூல் வேன். அதில் பிள்ளைகள் ஏறுவார்கள். வேனில் ஏறுகிற பிள்ளைக்கு ஃபீஸ் கட்டத்தான் பல வீடுகளில் அம்மா அந்த முதல் வண்டியில் ஏறுகிறாள். இரண்டு வண்டியிலும் ஏறாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அம்மா கிளம்பிப் போன பிறகு தாங்களே தலை வாரிக்கொண்டு, தம்பி தங்கைக்கும் வாரிவிட்டு, நடந்து ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்குப் போகிறவர்கள். காலை உணவு அவர்களுக்குத்தான் வந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்று. ஏழு மணிக்கு வண்டி ஏறுகிறவள் நாலரைக்கு எழுந்து சோறு பொங்கி வைத்துவிட்டுத்தான் போகிறாள். அந்தச் சோறு மத்தியானம் அவள் தூக்குவாளியிலும் ராத்திரி வீட்டுத் தட்டிலும் இருக்கும். எட்டரை மணிக்குப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து "இன்னும் ஒரு வாய்" என்று ஊட்டத்தான் அங்கே ஆள் இல்லை.

பெற்றோர் பொறுப்பு, அரசின் பொறுப்பு என்று பேச்சு வந்தால் எனக்கு என் வீடே நினைவுக்கு வரும். எங்கள் அம்மாவுக்கு நாங்கள் இரண்டு பெண்கள். அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். 1981இல், எட்டு வயதில், அவள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள். கட்டை அடுக்குகிற வேலை. துளைகள் போட்ட சட்டத்தில் குச்சிகளை ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டும். சின்ன விரல் இருந்தால் வேகமாக ஓடும் என்பதால் சின்னப் பிள்ளைகளுக்கு அதில் கிராக்கி. எத்தனை கட்டை அடுக்கினாயோ அதற்குக் காசு. நான் 1988இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தேன். ஆபீசுக்குப் போகவே இல்லை. சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டியிருக்கிறேன், அவ்வளவுதான்.

அதே அம்மா. அதே வீடு. அப்பாவின் குடியும் அதே அளவுதான். அக்காமேல் இருந்த பாசம் என்மேல் இருந்ததைவிடக் குறைச்சலில்லை. சொல்லப்போனால் இன்றைக்கும் அம்மாவுக்கு அக்காதான் செல்லம். இடையில் மாறியது என்ன? 1982 ஜூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் வந்தது. அதற்கு முன்பு காமராஜர் காலத்து மதிய உணவும் இருந்தது. ஆனால் எங்கள் ஊர்ப் பள்ளியில் அப்படி ஒன்று ஒழுங்காக நடந்ததாக அம்மாவுக்கு நினைவில்லை. 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. ஆபீஸ் வாசலில் எப்போதாவது ஒரு ஜீப் வந்து நிற்கத் தொடங்கியது. 1988இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் வந்து, வேலைக்குப் போன பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளிகள் நடத்தினார்கள். மத்தியானச் சாப்பாடு வீட்டுச் செலவில் குறைந்தது, பிள்ளையை வேலைக்கு வைக்க முதலாளிக்குப் பயம் வந்தது. இந்த இரண்டும் சேர்ந்ததும் அம்மா பொறுப்பான தாய் ஆகிவிட்டாள். அக்காவை அனுப்பியபோது பொறுப்பில்லாதவளாகவா இருந்தாள்?

"பெத்தவங்களுக்கு அக்கறை இல்ல, அதான் பிள்ளைக படிக்கல" என்று யாராவது சொன்னால், எந்த வருஷத்துப் பெத்தவங்க என்று கேட்கத் தோன்றும்.

இதே கேள்வியை உச்ச நீதிமன்றமும் எங்கள் ஊர்ப் பக்கத்தை வைத்துத்தான் பேசியது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த சிவகாசி வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று வந்த தீர்ப்பு. குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி, குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் நல நிதியில் கட்ட வேண்டும். அரசு அந்த வீட்டில் ஒரு பெரியவருக்கு வேலை கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் தன் பங்காக 5,000 ரூபாய் அதே நிதியில் போட வேண்டும். அந்தப் பணத்தின் வட்டி, பிள்ளை பள்ளிக்குப் போகிற வரைக்கும் வீட்டுக்கு வரும். அனுப்பாவிட்டால் நின்றுவிடும். வறுமை இருக்கிற வரை குழந்தை உழைப்பு இருக்கத்தான் செய்யும் என்ற கசப்பான கணக்கை ஒப்புக்கொண்டு எழுதிய தீர்ப்பு அது. பெற்றோர்மேல் பழி போட்டுக் கையைக் கழுவவில்லை, அவர்களை அப்படியே விட்டுவிடவும் இல்லை. முதலாளி, அரசு, வீடு என்று மூன்று பேரையும் ஒரே கயிற்றில் கட்டியது. நடைமுறையில் எத்தனை வீட்டுக்கு அந்த வட்டி வந்து சேர்ந்தது என்று கேட்டால் எங்கள் தெருவில் சிரிப்பார்கள். ஆனாலும் பொறுப்பை எப்படிப் பங்கு வைப்பது என்பதற்கு நான் படித்ததில் இதைவிட நேர்மையான வரைபடம் இல்லை.

பெற்றோரிடமே விட்டுவிடு என்ற யோசனை தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் அதுதான். கிராமத்துப் பள்ளிகளில் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரப் படிப்பு, ஒரு கூட்டம் காலையில், இன்னொரு கூட்டம் மதியத்தில். மிச்ச நேரம் அப்பா அம்மாவோடு இருந்து வீட்டுத் தொழிலைப் பழக வேண்டும். பள்ளி பற்றாக்குறை, வாத்தியார் பற்றாக்குறை, ஒரே கட்டடத்தில் இரண்டு மடங்கு பிள்ளைகள் என்று அதற்குக் கணக்கு ரீதியான நியாயமும் சொன்னார்கள். கேட்க அழகாகக்கூட இருக்கிறது: பிள்ளை பெற்றோரோடு நேரம் செலவழிக்கிறது, கைத்தொழில் கற்கிறது. வெளிநாட்டில் எங்காவது இதைச் சொன்னால் கைதட்டுவார்கள்.

ஆனால் இந்த மண்ணில் அப்பா என்றால் சாதி. செருப்புத் தைப்பவர் மகன் மதியம் எங்கே போவான், முடி வெட்டுபவர் மகன் எங்கே போவான், வக்கீல் மகன் எங்கே போவான் என்று எல்லாருக்கும் தெரியும். குலக்கல்வி என்று பெரியாரும் திமுகவும் எதிர்த்தார்கள், காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது. 1954 ஏப்ரலில் காமராஜர் முதல்வரானார், மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது. அடுத்த சில வருஷங்களில் மதிய உணவு வந்தது, கிராமங்களுக்குப் பள்ளிகள் வந்தன. பிள்ளையின் பாதி நாளைக்கூட அப்பனின் தொழிலிடம் கொடுக்க மாட்டோம் என்று ஒரு மாநிலம் அன்றைக்கு முடிவெடுத்தது. எங்கள் மாதிரி வீடுகளில் இன்றைக்கு யாராவது எழுதப் படிக்கிறார்கள் என்றால் அதில் இந்த முடிவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடும். 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினார்கள். 14 வயதுக்குக் கீழே எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்று கடுமையாக்கியது நல்லதுதான். கூடவே ஒரு விலக்கும் வைத்தார்கள்: பள்ளி நேரம் போக, விடுமுறையில், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம். வீட்டில் பெட்டி ஒட்டிய எனக்கு "குடும்பத் தொழில்" என்பது எவ்வளவு நீளும் என்று தெரியும். பெட்டி ஒட்டுவது எங்கள் குடும்பத் தொழிலா? அட்டையும் பசையும் ஏஜென்ட் கொடுத்தது, கூலி எண்ணிக்கைக்கு.

சரி, சட்டம் யார் தலையில் பொறுப்பை வைக்கிறது? அரசியல் சட்டத்தின் 45ஆவது பிரிவு, பத்து வருஷத்துக்குள் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர அரசு முயல வேண்டும் என்று 1950லேயே சொன்னது. அந்தப் பத்து வருஷம் ஐம்பது வருஷம் ஆனது. 2002இல் 86ஆவது திருத்தம் வந்து, 6 முதல் 14 வயது வரை கல்வி அடிப்படை உரிமை என்றானது. அதே திருத்தம் குடிமக்களின் கடமைப் பட்டியலில் பதினொன்றாவதாக ஒன்றைச் சேர்த்தது: அந்த வயதுப் பிள்ளைக்குக் கல்வி வாய்ப்பை ஏற்படுத்தித் தருவது பெற்றோர் கடமை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தில் 10ஆவது பிரிவு இதையே ஒரு வரியில் சொல்கிறது, பெற்றோர் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று. சேர்க்காவிட்டால் அபராதமோ தண்டனையோ கிடையாது. 8ஆவது பிரிவு அப்படியில்லை. சேர்ப்பது, தொடர்ந்து வரவைப்பது, எட்டாம் வகுப்பை முடிக்கவைப்பது என்று எல்லாவற்றையும் அரசின் தலையில் கட்டுகிறது.

நூறு வருஷத்துக்கு முன்னால் யோசனை வேறாக இருந்தது. பரோடா சமஸ்தானத்தில் சயாஜிராவ் மன்னர் 1893இல் அம்ரேலி தாலுக்காவிலும் 1906இல் சமஸ்தானம் முழுக்கவும் கட்டாயக் கல்வி கொண்டுவந்தபோது, அனுப்பாத பெற்றோருக்கு அபராதம் போட்டார். அதைப் பார்த்து காங்கிரஸ் தலைவர் கோகலே கொண்டுவந்த கட்டாயக் கல்வி மசோதாவிலும் பெற்றோருக்கு அபராதம் இருந்தது. 1912இல் அது 13க்கு 38 என்று தோற்றது. அபராதம் வேண்டாம் என்று இன்றைய சட்டம் முடிவெடுத்ததை நான் வரவேற்கிறேன். எட்டு வயதில் அக்காவை வேலைக்கு அனுப்பிய அம்மாவுக்கு அபராதம் போட்டிருந்தால், அதைக் கட்ட என்னையும் சேர்த்து அனுப்பியிருப்பாள்.

இதுவரைக்கும் பழைய கதை. இப்போது நான் அன்றாடம் பார்ப்பது வேறு. எனக்குச் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருக்கிறது. ஜெராக்ஸ், ஆதார் திருத்தம், பட்டா, சான்றிதழ் விண்ணப்பம், இந்த மாதிரி. ஏப்ரல் கடைசி, மே மாதம் வந்தால் ஆர்.டி.இ. சீசன். அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 12ஆவது பிரிவுப்படி, சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்கும் ஒடுக்கப்பட்ட பிரிவுப் பிள்ளைகளுக்கும் ஒதுக்க வேண்டும். எட்டாம் வகுப்பு வரை ஃபீஸை அரசு திருப்பிக் கொடுக்கும். தமிழ்நாட்டில் இந்த இடம் பெரும்பாலும் எல்கேஜியில். வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், நலிந்த பிரிவு என்றால் வருமானம் ஆண்டுக்கு 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். (வருமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை: எங்கள் பக்கம் பழைய சான்றுகளை எடுத்துப் பார்த்தால் யார் வருமானமும் 72,000 ரூபாயைத் தாண்டாது. வீடு கட்டி மாடி எடுத்தவருக்கும் அதே 72,000தான்.)

பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று சொல்பவர்கள் மே மாதம் என் கடையில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். பட்டாசு ஆபீஸில் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நிற்பார்கள். பிறப்புச் சான்றில் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் இன்னொரு மாதிரி. அதைச் சரி செய்ய ஓடுவார்கள். வரைபடத்தில் வீட்டு இடத்தைக் குறிக்கும்போது தோளுக்குமேல் எட்டிப் பார்த்து, "கொஞ்சம் அங்கிட்டு நகத்தி வைங்கக்கா, கிலோமீட்டருக்குள்ள வரட்டும்" என்பார்கள். கைபேசியில் ஓ.டி.பி. வராவிட்டால் முகம் வெளிறிப்போகும்.

அவர்கள் போடுகிற கணக்கும் லேசுப்பட்டதில்லை. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். 2022இல் புதுமைப்பெண் திட்டம், கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். பிறகு பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன். இவையும் அரசுப் பள்ளியை வைத்துத்தான் தொடங்கின. அதனால் கணக்கு இப்படி: அஞ்சு வரைக்கும் இங்கிலீஷ் மீடியம், ஆறுக்கு கவர்மென்ட். ஆர்.டி.இ.யில் எட்டு வரை தனியாரில் படித்து, ஒன்பதில் அரசுப் பள்ளிக்கு வந்தாலும் 7.5 சதவீதத்துக்குத் தகுதி உண்டு என்பதுவரை தெரிந்து வைத்திருக்கிறார்கள். நான் சொல்லிக் கொடுத்ததில்லை. அவர்களிடமிருந்துதான் நான் தெரிந்துகொண்டேன்.

இந்த அம்மாக்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அரசுமேல்தான் இருக்கிறது. தன் பள்ளியைச் சரியாக நடத்துகிற பொறுப்பைப் பாதி விட்டுவிட்டு, அடுத்தவன் பள்ளிக்கு ஃபீஸ் கட்டுகிற பொறுப்பை எடுத்துக்கொண்டால் அதற்கு என்ன பெயர்? கிடைக்கிற இடமும் முழுசாக இலவசமா என்றால் இல்லை. வேன், சீருடை, புத்தகம், ஆண்டு விழா என்று தனித் தனி ரசீது வரும், சில சமயம் ரசீதே வராது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்று சொன்னால், "கேட்டா பிள்ளைய ஒரு மாதிரி பாப்பாங்கக்கா" என்பார்கள். சட்டத்தைக் காட்டிக் கேட்கிற துணிவு குலுக்கலில் விழாது.

2025இல் இந்த ஏற்பாடு எந்த நூலில் தொங்குகிறது என்பதும் தெரிந்துபோனது. பி.எம். ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக ஒன்றிய அரசு ஒருங்கிணைந்த கல்வித் திட்ட நிதியை நிறுத்தி வைத்திருந்தது. 2024-25க்கு மட்டும் 2,152 கோடி ரூபாய். மாநிலம் அதைக் காரணம் காட்டி ஆர்.டி.இ. சேர்க்கையைத் தொடங்கவில்லை. மே வந்தது, விண்ணப்பிக்கிற இணையதளம் திறக்கவில்லை. ஜூன் வந்தது. உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று போய், நிதியில் ஒரு பகுதி வந்து, அக்டோபரில்தான் சேர்க்கை தொடங்கியது. எப்படி? அந்தந்தப் பள்ளியில் ஏற்கெனவே சேர்ந்திருந்த பிள்ளைகளில் தகுதியானவர்களை எடுத்து, கட்டிய ஃபீஸைத் திருப்பிக் கொடுப்பது.

இதை நின்று யோசிக்க வேண்டும். ஜூனில் கையிலிருந்தோ கடன் வாங்கியோ ஃபீஸ் கட்டி உள்ளே போக முடிந்தவர்களுக்கு அக்டோபரில் இடம். கட்ட முடியாமல் வெளியே நின்றவர்களுக்கு அந்த வருஷம் ஒன்றும் இல்லை. ஏழைக்கென்று வந்த இட ஒதுக்கீட்டில் நுழைய அந்த வருஷம் முதலில் பணம் கட்ட வேண்டியிருந்தது. ஜூன் முதல் என் கடைக்கு வந்து "ஓபன் ஆயிருச்சாக்கா?" என்று கேட்டுக் கேட்டுப் போனவர்களுக்கு நான் அக்டோபரில் இதை விளக்க வேண்டியிருந்தது. இரண்டு அரசாங்கங்கள் சண்டை போட்டதில் பொறுப்பு கடைசியில் யார் மடியில் விழுந்தது என்று பாருங்கள்.

பிள்ளைகள் அரசுப் பள்ளியை விட்டுப் போகிற இடம் மூன்றாவது வயது. இதை எங்கள் பக்கத்தில் எந்த ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார். அரசுத் தொடக்கப் பள்ளி பெரும்பாலும் ஒன்றாம் வகுப்பில், ஐந்து வயதில் தொடங்குகிறது. மூன்று வயதில் அங்கன்வாடி உண்டு, அது வேறு துறை. முட்டை உண்டு, சத்துமாவு உண்டு, அக்கறையான ஆயாவும் பல இடங்களில் உண்டு. ஆனால் "ஏ ஃபார் ஆப்பிள்" கிடையாது என்பது ஊர் நம்பிக்கை. மஞ்சள் வேன் மூன்று வயதில் வாசலுக்கே வந்துவிடுகிறது. இரண்டு வருஷம் டை கட்டி, ஷூ போட்டுப் பழகிய பிள்ளையை ஒன்றாம் வகுப்புக்குத் திரும்ப அழைத்து வாருங்கள் என்றால் எந்த அம்மா வருவாள்? 2019இல் அரசுப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். கூட்டம் வந்தது. 2022இல் அதைப் பள்ளியிலிருந்து எடுக்கப் போவதாகச் செய்தி வந்து, எதிர்ப்பு கிளம்பி, தொடரும் என்று அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகள் 37,000க்கு மேல். தனியார் எல்கேஜிக்கு ஃபீஸ் கட்டுகிற அரசு, தன் பள்ளியில் எல்கேஜி வைக்கத் தயங்குகிறது.

என் மகள் ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் படிக்கிறாள். கொள்கைக்காக என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். பள்ளி பக்கத்தில் இருக்கிறது, மூன்றாம் வகுப்பு டீச்சர் அருமையானவர், எனக்கு வேன் ஃபீஸ் மிச்சம். அங்கே பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் ஒரு உறுப்பினர். கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் தலைவர் ஒரு தாயாகத்தான் இருக்க வேண்டும். 2022இல் மாநிலம் முழுக்கப் புதிதாக அமைத்தார்கள். பெற்றோர் பொறுப்பும் அரசின் பொறுப்பும் ஒரே பெஞ்சில் உட்காருகிற இடம் என்று எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

எங்கள் தலைவி பட்டாசு ஆபீஸில் வேலை செய்பவர். வெள்ளிக்கிழமை மதியக் கூட்டத்துக்கு வந்தால் அரை நாள் கூலி போய்விடும். அப்பாக்கள் அநேகமாக வருவதில்லை. ஒருவர் வருவார், செல்போன் பேச வெளியே போவார், கூட்டம் முடிந்ததும் கையெழுத்துப் போட வருவார். தீர்மானம் முன்கூட்டியே எழுதித் தயாராக இருக்கும். நாங்கள் டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. ஒரு தடவை தலைவி பேனாவை வாங்கி, மூடியைத் திறந்து, அப்படியே வைத்துவிட்டார்.

"வாசிங்க சார், கேட்டுட்டுப் போடுறேன்."

தலைமை ஆசிரியர் வாசித்தார். பள்ளியின் சுற்றுப்புறம் தூய்மையாக உள்ளது. குடிநீர், கழிப்பறை வசதிகள் திருப்திகரமாக உள்ளன.

"யாருக்கு சார் திருப்தி? என் மக வீட்டுக்கு வந்துதான் ஒண்ணுக்குப் போறா. காலைல இருந்து அடக்கி வச்சுக்கிட்டு. தண்ணி குடிக்கவே பயப்படுறா."

யாரும் பேசவில்லை. இன்னொரு அம்மா மெதுவாக, "என் மகளும்தான்" என்றார். அடுத்து இன்னொருவர். தலைமை ஆசிரியர் மோசமானவர் இல்லை. மோட்டார் கெட்டுப்போய் வாரக்கணக்காகிறது, எழுதிப் போட்டிருக்கிறேன், பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் என் கைக்காசில்தான் வாங்குகிறேன், துப்புரவு அம்மாவுக்குச் சம்பளம் வந்தால்தானே அவர் வருவார் என்று அடுக்கினார். எல்லாம் உண்மை. "அப்ப அதையே எழுதுங்க சார், திருப்தின்னு ஏன் எழுதணும்?" என்றார் தலைவி. எழுதினார். அந்தத் தீர்மானத்தின் நகலை நான்தான் என் கடையில் எடுத்தேன். ஊராட்சித் தலைவர், ஒன்றிய அலுவலகம் என்று தலைவியும் இன்னும் இரண்டு அம்மாக்களும் நடந்தார்கள். அங்கே ஒரு அதிகாரி, "இதுக்கெல்லாம் நீங்க ஏம்மா வாரீங்க, ஹெச்.எம். பாத்துக்குவாரு" என்றாராம். காலாண்டுப் பரீட்சைக்கு முன்னால் மோட்டார் வந்தது.

அந்த அதிகாரியின் பிள்ளை மஞ்சள் வேனில் போகிறது. ஊரில் போன் போட்டால் வேலை நடக்கிற ஆட்களின் பிள்ளைகள் எல்லாரும் அதில்தான் போகிறார்கள். கடைக்காரர், வி.ஏ.ஓ. ஆபீஸ் ஆள், கட்சிக்காரர். அரசுப் பள்ளி ஆசிரியர்களின் பிள்ளைகளும்தான், அதை இங்கே பேசினால் சண்டை வரும். ஊருக்குள் சத்தமாகப் பேசுகிற இவர்கள் எல்லாரும் அந்தத் தனியார் பள்ளி வாசலில் எப்படி நிற்கிறார்கள் என்று பார்த்திருக்கிறேன். கேட்டுக்கு வெளியே, கையைக் கட்டிக்கொண்டு. அங்கே மேலாண்மைக் குழு கிடையாது, அரசு உதவி பெறாத பள்ளிக்குச் சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. டைரியில் கையெழுத்து, ஃபீஸ் கவுன்ட்டரில் பணம், இரண்டோடு பெற்றோர் வேலை முடிந்தது. அரசுப் பள்ளியில் இருந்திருந்தால் ஒரு போனில் மோட்டாரை வரவழைத்திருக்கக் கூடியவர், இங்கே பிள்ளைக்கு டி.சி. கொடுத்துவிடுவார்களோ என்று பயந்து வாய் திறப்பதில்லை. இருக்கிற பெற்றோரில் செல்வாக்குக் குறைந்தவர்களிடம்தான் அரசைக் கேள்வி கேட்கிற வேலை வந்து சேர்ந்திருக்கிறது. அதுவும் அரை நாள் கூலியை இழந்து.

பிள்ளையை எங்கே சேர்ப்பது என்பது அவரவர் உரிமை, அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் ஃபீஸ் கட்டியதோடு பெற்றோர் பொறுப்பு முடிந்தது என்றும், ஃபீஸைத் திருப்பிக் கொடுத்ததோடு அரசின் பொறுப்பு முடிந்தது என்றும் இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட மாதிரி இருக்கிறதே, அதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. எங்கள் அக்காவையும் என்னையும் பிரித்த ஏழு வருஷத்தில் அரசு பெற்றோருக்குப் பதிலாக வரவில்லை. அம்மா செய்ய ஆசைப்பட்டதைச் செய்ய முடிகிற அளவுக்கு அவள் பக்கத்தில் வந்து நின்றது. சோறாக, பள்ளிக்கூடமாக, ஆபீஸ் வாசலில் நின்ற ஜீப்பாக.

இப்போது எங்கள் குழுவின் கோரிக்கை எல்கேஜி. நான்கைந்து கூட்டமாக அதையே தீர்மானமாகப் போட்டு அனுப்புகிறோம். அது கொள்கை முடிவு, எங்கள் கையில் இல்லை என்று பதில் வருகிறது. பதில் வருவதே முன்னேற்றம் என்கிறார் தலைமை ஆசிரியர். எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்று கேட்டால் காட்ட ஒரு கணக்கு வேண்டுமே என்று, போன மாதம் தலைவி அங்கன்வாடி ஆயாவையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் மூன்று வயதுப் பிள்ளைகளின் பட்டியல் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்கு நேரம். அதே ஞாயிற்றுக்கிழமை தனியார் பள்ளிக்கு ஆள் பிடிக்கிறவர்களும் அதே தெருக்களில் அதே பட்டியலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கையில் பலூனும் நோட்டீசும் இருந்ததாம். எங்கள் பட்டியலை நான் டைப் அடித்துத் தீர்மானத்தோடு இணைத்து அனுப்பியிருக்கிறேன். அதில் இருக்கிற பெயர்களில் சில வீடுகளில் வேனுக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது.